விடுதியாகும் பழைய வீடுகளில் வளவும் எஞ்ச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்த பழைய கல்வீடுகள் சில அண்மைக் காலமாகச் சுற்றுலா விடுதிகளாக மாறி வருகின்றன. கூரை விழுந்து மண்ணாகிப் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வீட்டைக் காப்பாற்றுகிறவர்களே வீட்டைச் சுற்றியுள்ள நிலமாகிய வளவைக் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த மனக்குறையைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடந்த மாசி மாதம், எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்காகப் பிள்ளைகள் ஒழுங்கு செய்து தந்தபடி, நானும் கணவரும் பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்கவில் இரண்டு இரவுகள் தங்கினோம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948ஆம் ஆண்டில் வாங்கி, 2003இல் மறையும்வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக உருவாக்கிய வீடும் தோட்டமும் அது. ஒல்லாந்தர் காலத்தில் கறுவாவும் ஆங்கிலேயர் காலத்தில் இறப்பரும் விளைந்த அந்தக் காணி தெத்துவ வாவிக்குள் நீண்டு கிடக்கிறது. வாங்கியபோது பாவா ஒரு வழக்கறிஞர். மனத்தில் நினைத்த தோட்டத்தை அமைக்கத் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று கண்டுதான் அவர் கட்டடக் கலை படிக்கச் சென்றார். 1957இல் தகுதி பெற்றார். பின்னாளில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரை ஆக்கியது இந்த வளவுதான் என்று நான் நம்புகிறேன்.

வீடு பெரிய மாளிகை அன்று. தாழ்ந்த ஓட்டுக் கூரையும் வெள்ளைச் சுவர்களும் கொண்ட பழைய பங்களா. பார்க்க வேண்டியதெல்லாம் வெளியில்தான் இருக்கிறது. வடக்குப் பக்கத்து மேடையில் ஓர் ஈழத்தலரி மரம் நிற்கிறது. அதன் கிளைகள் மேல்நோக்கிப் போகாமல், தரைக்குச் சமாந்தரமாக வளைந்தும் நெளிந்தும் நாற்புறமும் படர்ந்திருக்கின்றன. இளங்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, ஆண்டுக் கணக்காகப் பொறுத்திருந்து எடுத்த உருவம் அது என்று தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவர் சொன்னார். கிளையொன்றைத் தொட்டுப் பார்த்தேன். பழைய வளைவுகளின் மேல் பட்டை தடித்து, யானைத் தோல்போல் சொரசொரப்பாக இருந்தது.

தெற்கே கறுவா மேடு. வாவி கண்ணில் படுவதற்காக அந்த மேட்டையே பாவா வெட்டித் தாழ்த்தியிருக்கிறார். நடுவே போகும் ஊர்ப் பாதை பள்ளத்தில் இறங்கிவிடுவதால், வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி இடையறாது தெரிகிறது. மேட்டின் உச்சியில் ஒரு மகிழ மரம். அதன் கீழ் ஒரு பெரிய சாடி. அதற்கு நேரே, வாவிக்கு அப்பால், ஒரு விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம். வெவ்வேறு ஓசையுள்ள மணிகள் ஆங்காங்கே தொங்குகின்றன. எந்த மணி ஒலித்தது என்பதைக் கொண்டே, பாவா எங்கே அமர்ந்திருக்கிறார் என்று பணியாளர்கள் அறிந்து கொள்வார்களாம்.

விடுதிக்கென்று அந்தத் தோட்டத்தை அழித்து அடுக்குமாடி எதுவும் எழுப்பவில்லை என்பதே நான் இங்கு வலியுறுத்த வந்த செய்தி. மாட்டுக் கொட்டிலாக இருந்த கட்டடம்கூட இன்று தங்கும் இடமாகியிருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பாவா, பத்திக் எனும் மெழுகுச் சாயத் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய முற்றத்து வீட்டின் காணி கைமாறியபோது, அதன் கல்லுக்கும் ஓட்டுக்கும் இலக்கமிட்டுக் கழற்றிக் கொண்டு வந்து இங்கே மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள். நடு முற்றமும் சுற்றி விறாந்தையுமாக நின்ற அந்த வீட்டைக் கண்டதும் எனக்கு எங்களூர் நாற்சார் வீடுகள்தாம் நினைவுக்கு வந்தன. தங்குவதற்குச் செலவு அதிகம்தான். ஆனால் பகலில் கட்டணம் செலுத்தித் தோட்டத்தை மட்டும் சுற்றிப் பார்க்கவும் வழி இருக்கிறது.

சென்ற ஆண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரைப் பார்க்க யாழ் நகரில் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். சிறுவயதில் நான் விளையாடிய வீடு அது. தலைவாசல் தூண்களையும் வேலைப்பாடுள்ள மரக்கதவையும் மெருகேற்றி அழகாக வைத்திருந்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன். வளவிலோ கறுத்தக்கொழும்பான் மாமரமும் இல்லை, வேம்பும் இல்லை. மதில் வரை சிமெந்துக் கல் பதித்து வாகனத் தரிப்பிடம் ஆக்கியிருந்தார்கள். கிணற்றுக்கு மேல் பலகை அடித்து, அதன் மீது பிளாஸ்டிக் பூச்சாடிகளை அடுக்கியிருந்தார்கள். காலை பத்து மணிக்கே வெளியில் நிற்க முடியாத வெக்கை.

இது அழகு பற்றிய கவலை மட்டுமன்று. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணக் கல்லில் தேங்குவதையே எங்கள் கிணறுகள் நம்பியிருக்கின்றன. வளவு முழுவதையும் சிமெந்தால் மூடிவிட்டு, அயலவரைவிடப் பல மடங்கு தண்ணீரை விடுதிக்காக இறைத்தால், அதன் விளைவைச் சுற்றியுள்ள வீட்டுக்காரரே சுமக்க வேண்டியிருக்கும்.

ஆகையால், பழைய வீடுகளை விடுதியாக்க அனுமதி வழங்கும் உள்ளூராட்சி சபைகள், கட்டட வரைபடத்துடன் வளவில் நிற்கும் மரங்களையும் கிணற்றையும் குறித்த படம் ஒன்றையும் கேட்டுப் பெற வேண்டும். வாகனத் தரிப்பிடத்துக்கு மணலோ சரளைக் கல்லோ போடலாம், சிமெந்து தேவையில்லை. வீடுகளைக் குத்தகைக்குக் கொடுக்கும் உரிமையாளர்கள், குறிப்பாகப் புலம்பெயர்ந்து வாழ்பவர்கள், தறிக்கக் கூடாத மரங்களைப் பெயர் சொல்லியே உடன்படிக்கையில் எழுதிவிடலாம். கொக்குவிலில் உள்ள எங்கள் தாய்வீட்டைக் கேட்டும் இப்போது ஒருவர் வந்திருக்கிறார். கிணற்றடியில் நிற்கும் இரண்டு பலா, ஒரு தேசி, பின்வளவுப் பனைகள் பதினொன்று ஆகியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொக்குவில்.