தூண்டில் கம்புக்கான எபாக்ஸி பூச்சு: லேபிளில் தவறான தகவல்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பூச்சுக்கான பணத்தைத் திருப்பித் தரவும் லேபிளைத் திருத்தவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

என்னுடைய பழைய ஃபைபர் கிளாஸ் தூண்டில் கம்பைப் புதுப்பிக்க உங்கள் எபாக்ஸி பூச்சை வாங்கினேன். வெயில் பட்டுப் பட்டு, இழைகளைப் பிணைத்திருக்கும் மேல் ரெசின் தேய்ந்து, கண்ணாடி இழைகள் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தன. கையை ஓட்டினாலே சிலாம்பு ஏறும். மற்றபடி கம்பில் ஒரு விரிசல்கூட இல்லை.

'கம்பு முழுவதும் பூசலாம், வெயிலிலிருந்து பாதுகாக்கும்' என்று லேபிளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். உள்ளே இருந்த தாளில் சொன்னபடியே செய்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, 600 நம்பர் உப்புத்தாளை நனைத்து, இழை அறுபடாமல் லேசாகத் தேய்த்து, காய்ந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். எபாக்ஸி ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் நீங்கள் கொடுத்த சிரிஞ்சிலேயே சம அளவு எடுத்துக் கலந்தேன். வழியாமல் இருக்கக் கம்பைச் சுற்றிக்கொண்டே காயவைத்தேன்.

தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கம்போடு சேர்த்துக் கட்டிய நூலின் மேல் பூச்சு அருமையாகப் பிடித்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தண்டில் பூச்சு அங்கங்கே விலகிக் குழி குழியாக நிற்கிறது. நுனி கனத்துவிட்டது, வீசினால் கம்பு ஆடி அடங்க நேரமாகிறது. போதாததற்கு, வெயிலில் கொண்டுபோக ஆரம்பித்ததும் மஞ்சளடிக்கவும் தொடங்கிவிட்டது.

தொலைபேசியில் கேட்டதற்கு, 'கலவை விகிதம் தப்பியிருக்கும்' என்றார்கள். விகிதம் தப்பினால் பூச்சு காயாமல் பிசுபிசுக்கும். கலந்த கோப்பையில் மிச்சமிருந்தது நகம் பதியாத அளவுக்கு இறுகிக் கிடக்கிறது. இப்படிக் குழி விழுவது பெரும்பாலும் சிலிகான், எண்ணெய் மாதிரி ஏதாவது கலந்தால்தான். நீங்கள் கொடுத்த மாதிரிச் சாதாரண சிரிஞ்சில் ரப்பர் வழுக்கி நகர்வதற்குச் சிலிகான் தடவியிருப்பார்கள். கம்பு கட்டுகிறவர்கள் சிலிகான் இல்லாத சிரிஞ்சைத் தேடி வாங்குவது அதனால்தான். எபாக்ஸி விற்கும் உங்களுக்கு இது தெரியாதா?

சரி, சிரிஞ்சை மாற்றிவிடலாம். லேபிளை என்ன செய்வது? இது நூல் கட்டுக்கான கெட்டியான எபாக்ஸி. தண்டுக்குத் தேவை மெல்லியதாகப் பரவி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படகுகளுக்குப் பூசும் மரைன் வார்னிஷோ பாலியூரித்தேனோதான். வெறும் எபாக்ஸியே வெயிலில் மஞ்சளாகிவிடும்போது அது கம்பை எப்படிப் பாதுகாக்கும்?

எனவே பணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள். லேபிளில் 'நூல் கட்டுக்கு மட்டும்' என்று திருத்துங்கள், சிலிகான் இல்லாத சிரிஞ்சு வையுங்கள். அப்புறம், பூசியதை எடுக்கப் பெயின்ட் ரிமூவர் போடச் சொன்னாரே உங்கள் ஊழியர், அந்த யோசனையை இனி யாருக்கும் சொல்ல வேண்டாம். அது அடியில் இருக்கும் ரெசினையும் சேர்த்து அரித்துவிடும்.

இறுகிய கோப்பையையும் சிரிஞ்சுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் செலவில் அனுப்புகிறேன். பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்