ஒன்பதாம் வகுப்பின் புதன்கிழமைப் பாடவேளைகள்: பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பின் கால அட்டவணையில் புதன்கிழமை மூன்றாம், நான்காம் பாடவேளைகளுக்கு நேராகத் 'தமிழ் – வரலாறு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அது தட்டச்சுப் பிழையா என்று உங்களில் சிலர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறீர்கள். பிழையன்று. அந்த எண்பது நிமிடங்களிலும் தமிழாசிரியையும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒரே வகுப்பறையில் நின்று சங்ககாலத்தைச் சேர்ந்து கற்பிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் என்னுடைய குறை ஒன்றுதான். இப்பொறுப்புக்கு வருமுன் பத்தொன்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். சங்ககால வணிகம் வரும்போதெல்லாம், யவனரின் (கிரேக்க, ரோமானிய வணிகரின்) மரக்கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' சேரநாட்டுத் துறைமுகமான முசிறி என்ற அகநானூற்று அடியைக் கரும்பலகையில் எழுதி, கறி என்றால் மிளகு என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன். ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "சார், இது யார் கூற்று?" என்று கேட்டாள். தமிழ் வகுப்பில் அன்றாடம் புழங்கும் கேள்விதான். எனக்கு விடை தெரியவில்லை. அந்தப் பாட்டை நான் முழுதாகப் படித்ததே இல்லை.

எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அந்த 149-ஆம் பாட்டு வணிகத்தைப் பற்றியதே அன்று. பொருள் தேடப் புறப்படச் சொல்லும் தன் நெஞ்சிடம், அரிய செல்வம் எளிதில் கிடைப்பதாயினும் நான் வரமாட்டேன் என்கிறான் தலைவன். போகவேண்டிய காட்டுவழியில், புற்றிலுள்ள கரையானைத் தின்று சலித்த கரடிகள் இருப்பை (இலுப்பை) மரத்தின் பூவுக்கு வருகின்றன. பிறகுதான் முசிறி வருகிறது. அதுவும் பாண்டிய மன்னன் செழியன் வளைத்துப் போரிட்டு, அங்கிருந்த படிமத்தை (சிலையை) கவர்ந்து சென்ற ஊராக. செழியனிலிருந்து அவனுடைய கூடல் நகருக்கும் (மதுரைக்கும்), அதன் மேற்கிலுள்ள முருகன் குன்றத்துக்கும், குன்றத்துச் சுனையில் பூத்த நீலத்துக்கும் பாட்டு நகர்ந்து, அம்மலர்களை எதிரெதிராகப் பிணைத்தாற்போன்ற தலைவியின் கண்களில் நீர் நிறையுமே என்று முடிகிறது. அந்தக் குன்றம் நம் பள்ளி மாடியிலிருந்து தெரிகிற திருப்பரங்குன்றம்தான் என்பதை நான் ஒரு மாணவருக்கும் சொன்னதில்லை.

பாட்டோடு நின்றுவிடவும் போவதில்லை. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு ஒன்று இருக்கிறது. 1985-இல் அச்சில் வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்தில் முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தமும், மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த யானைத் தந்தம் முதலிய சரக்கின் மதிப்பும் உள்ளன. செங்கடல் கரையிலிருந்து ஒட்டகம், பிறகு நைல் நதி வழியாக அலெக்சாந்திரியா, அங்கே நான்கில் ஒரு பங்கு வரி என்று அது கணக்குப் பேசுகிறது. இந்த ஏட்டையும் அந்தப் பாட்டையும் அருகருகே வைத்து, எது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிள்ளைகளே எழுதவேண்டும்.

இலக்கியத்தைச் சான்றாகப் பயன்படுத்த முதலில் அதை இலக்கியமாகப் படிக்கத் தெரியவேண்டும். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், உன் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டு அரண்மனைக் காவலில் இருக்கின்றன; எம் அரசன் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். புறநானூற்றின் இந்த 95-ஆம் பாட்டை அப்படியே ஆயுதப் பட்டியலாக எடுத்துக்கொள்ளும் மாணவர், அதியமானின் படை சீர்கெட்டிருந்தது என்று விடை எழுதிவிடுவார். புகழ்வதுபோல் இகழ்வது என்ற உத்தி தெரிந்தவர் அவ்வாறு ஏமாறமாட்டார்.

மறுபக்கமும் உண்டு. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சொல்லும் 'சத்தியபுத்திரர்' யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். 1981-இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று பெயர் சொல்லி, அது அதியமானின் மரபே என்று அடையாளம் காட்டிற்று. ஔவையாரின் பாட்டில் மட்டும் கேட்ட பெயர் கல்லிலும் இருப்பதைக் காணும்போது வகுப்பில் ஏற்படும் அமைதியைச் சென்ற ஆண்டு சோதனை வகுப்பில் நானே பார்த்தேன்.

மதிப்பெண் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இரு பாடங்களின் வாராந்தரப் பாடவேளைகளிலிருந்து ஒவ்வொன்று மட்டுமே இதற்கு எடுக்கப்பட்டிருக்கிறது. காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வுகள் வழக்கம்போலத் தனித்தனியாகவே நடக்கும். மனப்பாடச் செய்யுளும் இலக்கணமும் தமிழ்ப் பாடவேளைகளிலேயே தொடரும். இதற்கென்று வழிகாட்டி நூல் எதையும் வாங்கவேண்டாம். கோடு போடாத இருநூறு பக்க நோட்டு ஒன்று போதும்: இடப்பக்கத்தில் பாட்டு, வலப்பக்கத்தில் கல்வெட்டு, நாணயம், அகழாய்வுச் செய்தி. வாரம் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்து, "இது யார் கூற்று?" என்று நீங்களும் கேட்டால் மகிழ்வேன்.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் மாணவர்களைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். இத்துடன் இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, இம்மாத இறுதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்