செம்மஞ்சள் சட்டை இரண்டு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் நால்வரின் சுகத்துக்கும் நல்லூரானை வேண்டுகிறோம். சின்னம்மாவின் மகள் வாற புதன்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள். அம்மா மிளகாய்த்தூள், ஒடியல்மா, பினாட்டு எல்லாம் கட்டி வைத்திருக்கிறார். அதோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன். போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். வாசித்துக்கொண்டு போக விளங்கும்.

போன கிழமை நீ மான் வேட்டைத் துவக்கில் பூட்டிக் குறிபார்க்கிற மூன்று ஸ்கோப்புகளின் படத்தை அனுப்பி, "முந்நூறு டொலருக்குள் எது நல்லது அப்பா, வில்லை பற்றி உங்களுக்குத்தானே தெரியும்" என்று கேட்டிருந்தாய். கடையைப் பூட்டி ஒன்பது வருடம் ஆகிறது. முப்பத்தெட்டு வருடம் வில்லை அரைத்த மனுசனிடம் இப்போது ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நீ கேட்டாய். அன்று பின்னேரம் முழுக்க அந்தப் படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் உன்னிடம் ஒன்று கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் நீ கதையை மாற்றிவிட்டாய். சரி, முதலில் ஸ்கோப்பைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த 6-24x50ஐ வாங்காதே. சிவப்பு லைற், பச்சை லைற் என்று எல்லாம் இருக்கிறது, விலையும் மலிவு, அதனால்தான் சொல்கிறேன். முதல் இரண்டு எண்ணும் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. கடைசி எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். விட்டத்தை மடங்கால் பிரித்துப் பார். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். அதை 24இல் வைத்தால், 50ஐ 24ஆல் பிரிக்க இரண்டு மில்லிமீற்றர் சொச்சம். மைம்மல் நேரத்தில் உன் கண்மணி ஐந்து ஆறு மில்லிமீற்றருக்கு விரிந்திருக்கும். அவ்வளவு பெரிய வாசலுக்குள் ஊசி அகலத்தில் வெளிச்சம் வந்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். சாதாரண 3-9x40ஐ ஆறில் வைத்தால் ஆறரை மில்லிமீற்றருக்கு மேல் வரும். உங்கள் காட்டில் மான் பெரும்பாலும் நூறு யார் தூரத்துக்குள்தான் நிற்கும் என்று நீயே சொன்னாய். பிறகு எதற்கு இருபத்துநாலு மடங்கு?

நடுவில் இருந்த 3-9x40ஐ எடு. மிச்சக் காசுக்கு ஒரு பைனாகுலர் வாங்கு. 8x42 போதும். பைனாகுலர் கட்டாயம் வேண்டும்.

வில்லைப் பூச்சு பற்றிக் கேட்டாய். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சம் திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் பல வில்லைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம். பத்து முகம் கடந்தாலே மூன்றில் ஒரு பங்கு வழியில் போய்விடும். 'கோற்றட்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஏதோ ஒரு முகத்தில் பூசியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். 'ஃபுல்லி மல்ரி கோற்றட்' என்று, அதாவது எல்லா முகத்திலும் பல அடுக்காகப் பூசியது என்று, இருக்க வேண்டும். கடையில் ரியூப் லைற்றுக்குக் கீழே முன்வில்லையைச் சாய்த்துப் பிடி. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன லைற்றுகள் தெரியும். அவை பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் பூச்சு இருக்கிறது. ஒன்றாவது வெள்ளை வெளேரென்று அசல் லைற் மாதிரியே மின்னினால் அந்த முகம் வெறும் கண்ணாடி. கடையில் நான் உனக்கு இதைக் காட்டியிருக்கிறேன். உனக்கு அப்போது ஒன்பது வயது, உன் முதல் கண்ணாடிக்கு வில்லை வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடியை நீ பள்ளிக்கூடப் பையை விட்டு வெளியே எடுக்கவேயில்லை, அது வேறு கதை.

இப்போதாவது கண்ணாடி போட்டுக்கொண்டு சுடு. கண்ணாடி போடுகிறவனுக்குக் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் மூன்றரை அங்குலமாவது வேண்டும். மலிவானவற்றில் அந்த இடைவெளி குறைவாக இருக்கும். உன் 308 துவக்கு பின்னால் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிறை மாதிரி வெட்டிவிடும். வாங்கியதும் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு பின்பக்க வளையத்தைத் திருப்பி, குறுக்குக்கோடு பார்த்த உடனேயே கூராகத் தெரிகிற மாதிரி வை. கன நேரம் உற்றுப் பார்த்தால் கண் தானாகவே சரிசெய்துகொள்ளும், அது உன்னை ஏமாற்றும். இரண்டு செக்கன் பார், கண்ணை எடு, திரும்பப் பார்.

பாவித்ததை வாங்கவும் தயங்காதே. லூபோல்ட், வோர்ட்டெக்ஸ் இரண்டு கொம்பனியுமே கைமாறி வந்த ஸ்கோப்பையும் திருத்தித் தருகிறார்கள், முதல் வாங்கியவர் யார் என்று கேட்பதில்லை. பாவித்ததை வாங்கினால் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார், உள்ளே பனி படர்ந்திருக்கிறதா என்று பார். பிடிக்கும் வளையங்களுக்கும் அடித்தட்டுக்கும் தனியாகக் காசு ஒதுக்கு. அதில் மிச்சம் பிடிக்காதே. முந்நூறு டொலர் ஸ்கோப் பத்து டொலர் வளையத்தில் ஆடினால் முந்நூறும் தண்ணீரில் போன மாதிரி.

பூட்டியதும் முதலில் 25 யாரில் சரிபார்த்து, பிறகு 100க்குப் போ. ஸ்கோப்பின் திருகை ஒரு கிளிக் திருப்பினால் நூறு யாரில் வெடி கால் அங்குலம் நகரும். சரி வந்ததும் இன்னொன்று செய். ஒரு வெடி வை. பிறகு இருபது கிளிக் மேலே திருப்பி ஒரு வெடி. இருபது வலப்பக்கம், ஒரு வெடி. இருபது கீழே, ஒரு வெடி. இருபது இடப்பக்கம் திருப்பி வைக்கும் வெடி முதல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். விழாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு, மனசுக்குப் பிடித்திருந்தாலும் வைத்திருக்காதே. குளிரில் இருந்து வந்ததும் துவக்கைப் பையைத் திறக்காமல் வீட்டுக்குள் ஆறுதலாக வை. உடனே திறந்தால் கண்ணாடி முழுக்க வேர்க்கும்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். நீ கோர்ஸ் எடுத்து, சோதனை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்தவன். எனக்குப் பெருமைதான். நாங்கள் அந்த நாளில் ஒரு சோதனையும் இல்லாமல் துவக்குத் தூக்கினோம்.

ஒன்று மட்டும் திரும்பவும் சொல்கிறேன். ஸ்கோப்பால் தேடாதே. பற்றைக்குள் ஏதாவது அசைந்தால் பைனாகுலரால் பார். என்னவென்று வடிவாகத் தெரிந்த பிறகுதான் துவக்கு தோளுக்கு வரவேண்டும். ஒன்பது மடங்கில் நூறு யார் தூரத்தில் உனக்குத் தெரிவது பன்னிரண்டு பதின்மூன்று அடி அகலம் மட்டும்தான். மூன்றில் வைத்தால் முப்பது அடிக்கு மேல் தெரியும். எப்போதும் மூன்றில் வைத்துக்கொண்டு நட. பன்னிரண்டு அடிக்கு அங்கால் யார் நிற்கிறார்கள் என்று ஸ்கோப் சொல்லாது. ஒரு பிள்ளை நின்றாலும் சொல்லாது.

உன் படத்தில் மேசையில் ஸ்கோப் பெட்டிகளுக்குப் பின்னால் வேட்டைக்குப் போடுகிற செம்மஞ்சள் சட்டை இரண்டு கிடந்தது. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. சின்னதில் விலைத் துண்டுகூடக் கழற்றவில்லை.

பேரனுக்கு ஆவணியில் பன்னிரண்டு முடிந்தது. அந்த வயதில் கோர்ஸ் முடித்தால் பெரிய ஆளோடு ஒரே துவக்கைப் பகிர்ந்து வேட்டைக்குப் போகலாம் என்று சின்னம்மாவின் மகள் சொன்னாள். நான் கேட்டதும் அதுதான், நீ மாற்றிய கதையும் அதுதான். சின்னவனையும் கூட்டிக்கொண்டு போகிறாயோ?

"அப்பாவுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று மருமகளிடம் சொல்லியிருப்பாய். பயந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாற்பத்தெட்டு வருடமாக நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

பாலைப்பழ மாமாவின் கால்.

அவர் பாலை மரத்தால் விழவில்லை. 1975 ஆனி மாதம். வெளிநாட்டு மிளகாயை இறக்க விடாத காலம், யாழ்ப்பாணத்துப் பொடியள் எல்லாம் வன்னிக்குப் போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்தார்கள். நாங்கள் இருவரும் முத்தையன்கட்டில் மிளகாய் வைத்து, பக்கத்தில் கச்சான் போட்டிருந்தோம். இரவானால் பன்றி வந்து கிண்டிவிடும். அவருடைய தகப்பனின் ஒற்றைக்குழல் துவக்கோடு நான் காவல் குடிலில் இருந்தேன். அவர் வாய்க்காலைக் கட்டப் போனார். வரம்பால் வருகிறேன் என்றார், ஆனால் பற்றைக்குள்ளால் குறுக்கே வந்தார், மண்வெட்டியோடு குனிந்தபடி. நல்ல மைம்மல். தாழ்வாக, கறுப்பாக ஒன்று அசைந்தது. மூன்று இரவாகக் காத்திருந்த பன்றி என்றே நினைத்தேன். காலும் தெரிந்தது, முதுகும் தெரிந்தது, செவிகூடத் தெரிந்தது தம்பி. இல்லாத செவியை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மடியில் ரோச் இருந்தது. அடித்தால் பன்றி ஓடிவிடும் என்று அடிக்கவில்லை.

வெடி வைத்ததும் "ஐயோ மச்சான்" என்று ஒரு சத்தம்.

அன்று குழலில் இருந்தது காட்டுக்கோழிக்குப் போடுகிற சின்னச் சன்னத் தோட்டா. எஸ்.ஜி. என்கிற பெரிய சன்னத் தோட்டா போட்டிருந்தால் மாமா இல்லை. முழங்காலுக்குப் பின்னால் பட்டது. என் சாறத்தைக் கிழித்துக் கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பரியாரியிடம் கொண்டு போனேன். வழியில் அவர்தான் சொன்னார், "மரத்தால விழுந்ததெண்டு சொல்லுவம், நீ வாயைத் திறக்காத" என்று. புண் பழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது. இருபத்துநாலு வயது. நல்லாகப் பந்தடிக்கிற மனுசன்.

நாலு வருடம் கழித்து அவரே வந்து, தன் தங்கச்சியை எனக்குப் பேசினார். நான் எப்படி மறுப்பது? எப்படி ஓம் என்பது? ஓம் என்றேன்.

2013இல் முழங்கால் நோவுக்கு எக்ஸ்றே எடுத்தபோது கூடப் போனது நான்தான். படத்தில் ஏழு வெள்ளைப் புள்ளி. டொக்டர் பொடியன் பார்த்துவிட்டு, "ஷெல் சன்னமா ஐயா?" என்று கேட்டான். மாமா என் பக்கம் திரும்பாமலே "ஓம்" என்றார். நானும் பேசாமல் நின்றேன். அன்றாவது அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்து, போன மாசியில் அவருடைய செத்தவீட்டில் கொள்ளிக்குடம் உடைந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. நீங்கள் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தபோதும் நான் ஒரு நாளும் தடுக்கவில்லை.

நீ என்னை மாதிரி இல்லை, கவனமானவன். எனக்குத் தெரியும். அன்று நானும் கவனமானவன் என்றுதான் இருந்தேன்.

சின்னவனைக் கூட்டிப்போனால் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திரு. முன்னுக்கு நடக்க விடாதே, பக்கத்துப் பற்றைக்குள் ஒன்றுக்குப் போவதென்றாலும் துவக்கைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்த பிறகு அவனை விடு. சட்டையோடு செம்மஞ்சள் தொப்பியும் போட்டுவிடு. சூரியன் மறைந்து அரை மணிவரை சுடலாம் என்பது உங்கள் சட்டம். அந்த அரை மணி உனக்கு வேண்டாம். மான் போனால் போகட்டும். ஸ்கோப்பால் தேடாதே. பைனாகுலரை முதலில் வாங்கு, காசு மிஞ்சினால் ஸ்கோப் வாங்கு.

மிளகாய்த்தூளைக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லி அம்மா எழுதச் சொன்னார். அவருக்கு இந்தக் கடிதம் ஸ்கோப்பைப் பற்றியது என்று மட்டும்தான் தெரியும். கவரை ஒட்டித்தான் கொடுக்கிறேன். போனில் மாமாவைப் பற்றி ஒன்றும் கேட்காதே, அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். சின்னவன் வருகிறானா இல்லையா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா