தகட்டுக் கல்லும் வார்ப்புக் கல்லும் ஒண்ணு இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல தோசைக்கல் பழக்குறது எப்படின்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. கடைக்கு வந்தவரு ஒருத்தர் டேபிள்ல விட்டுட்டுப் போன பேப்பர்ல படிச்சேன். ஒரு வாரம் கஞ்சித் தண்ணியில ஊற வைங்க, அப்புறம் எண்ணெயை தாராளமா ஊத்தி ராத்திரி பூரா விட்ருங்கன்னு எழுதியிருக்கு. இரும்பை உருக்கி அச்சுல ஊத்துற வார்ப்புக் கல்லுக்கு இது ஓரளவு சரிதான், எங்க ஆச்சி காலத்துல இருந்து செய்யுறது. ஆனா மேல நீங்க போட்டிருக்க போட்டோ இரும்புத் தகட்டை வெட்டிச் செய்யுற தகட்டுக் கல்லு. அதைப் போய் ஒரு வாரம் தண்ணியில போட்டா அடுத்த ஞாயிறு உக்காந்து துருவைத்தான் சுரண்டணும்.

நான் ராஜபாளையம் பக்கம் 14 வருஷமா டிபன் கடை வெச்சிருக்கேன், காலையில தோசை ராத்திரி பரோட்டா. கடைக் கல்லு 2க்கு 2 அடி, 10 எம்எம் எம்எஸ் பிளேட்டு (சாதா இரும்புத் தகடு), 29 கிலோ கிட்ட வரும், ரெண்டு பேர் பிடிச்சாத்தான் அடுப்புல ஏறும். முதல் கல்லை பட்டறையில வெட்டி வாங்குனப்ப நீலம் பாஞ்ச கறுப்பா மினுமினுன்னு இருந்துச்சு, அட பழகுன கல்லு மாதிரியே இருக்கே, வேலை மிச்சம்னு அப்படியே ஏத்தி எண்ணெயை தேச்சு யாவாரத்த ஆரம்பிச்சிட்டேன். மூணு வாரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒருநாள் ஒரு பெரியவர் ரோஸ்ட்டுல இருந்து நகக்கண் அளவு கறுப்புச் செதில் ஒண்ணை எடுத்து இலை ஓரமா வெச்சாரு, ஒண்ணுமே சொல்லல, காசக் குடுத்துட்டு போயிட்டாரு. திட்டியிருந்தா கூட பரவாயில்ல. இன்னைக்கும் வர்றாரு, இட்லி மட்டும்தான் சாப்பிடுவாரு.

அந்த மினுமினுப்பு என்னன்னா, ஆலையில இரும்பை பழுக்க காய்ச்சி தகடா உருட்டுறப்ப மேல படியுற பொருக்கு. நம்ம எண்ணெய் அதுமேல நல்லாவே பிடிக்கும், ஆனா சூடேறி ஆறி சூடேறி ஆறி பொருக்கே இரும்பை விட்டு கழண்டு வரும்போது எண்ணெயும் அதோட சேந்து வந்துரும். அதனால பட்டறையிலயே கிரைண்டர்ல பிளாப் டிஸ்க் (உப்புத்தாள் பட்டை அடுக்குன வட்டு) போட்டு இரும்பு வெள்ளையா தெரியுற வரைக்கும் தேய்க்கச் சொல்லணும். கடையில வாங்குற சின்ன கல்லுன்னா துருப் பிடிக்காம இருக்க எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பான், சுடுதண்ணி சோப்பு கம்பி நாரு போட்டு நல்லா தேச்சு கழுவிட்டு உடனே அடுப்புல வெச்சு ஈரத்தை போக்கிருங்க.

அப்புறம் வெறும் கல்லா காய விடுங்க. முதல்ல வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில மயில் கழுத்து மாதிரி நீலம் ஓடும். நான் இதைப் பாக்கவே புதுக்கல்லு வாங்கலாம்னு நினைப்பேன், வீட்டுல இதை சொன்னா சிரிக்கிறாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் ஆற விட்டு எண்ணெய். இங்கதான் உங்க பேப்பர்ல பெரிய தப்பு. தாராளமா ஊத்தக் கூடாது. துணியில தொட்டு தேச்சுட்டு, வேற காஞ்ச துணியால தடவுன அம்புட்டையும் திருப்பி எடுத்துட்ட மாதிரி தொடைக்கணும். மிச்சம் இருக்குறதே போதும். அது புகைஞ்சு புகை அடங்குற வரைக்கும் அடுப்பு எரியட்டும், ஆற விட்டு மறுபடி, இப்படி நாலஞ்சு தடவை. எண்ணெய் சூட்டுல இறுகி பெயிண்ட் மாதிரி படலமா ஆகணும், தடிமனா விட்டா மேல மட்டும் தோல் கட்டி அடியில பிசுபிசுன்னு நிக்கும், தோசை அதுலதான் ஒட்டுது. வார்ப்புக் கல்லு சொரசொரப்பு, கொஞ்சம் கூடக்குறைய போனாலும் பிடிச்சுக்கும், தகடு வழவழப்பு, மன்னிக்காது. நல்லெண்ணெய் கடலை எண்ணெய் ரெண்டும் நல்லாருக்கும், தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது லேசுல இறுகாது.

சோப்பே தொடக்கூடாதுன்னும் போட்டிருக்கீங்க. பழகுன கல்லை ரெண்டு சொட்டு சோப்பு ஒண்ணும் பண்ணாதுங்க, ராத்திரி பூரா ஈரத்தோட சிங்க்குல கெடந்தாத்தான் போச்சு. தக்காளித் தொக்கு, புளி போட்டது எதையும் அதுல கிண்டாதீங்க, படலம் உரிஞ்சிரும். சப்பாத்திக்கு வேற கல்லு வெச்சுக்கங்க, எண்ணெய் இல்லாம காய்ஞ்சுக்கிட்டே இருந்தா பழக்குனது எல்லாம் கருகிடும்.

இன்னொண்ணு, நாங்க தண்ணி தெளிச்சு ஈர்க்குமாறால கூட்டுறதைப் பாத்துட்டு வீட்டுல சுடுகல்லை குழாயடியில கொண்டு போய் பிடிக்காதீங்க. 10 எம்எம் தாங்கும், 3 எம்எம் தகடு நெளிஞ்சிரும், வார்ப்புன்னா விரிசலே விழும். இண்டக்‌ஷன்லயும் எடுத்த எடுப்புல ஃபுல்லா வைக்காதீங்க, எங்க மச்சினி வீட்டுக் கல்லு நடுவுல கீழ புடைச்சு இப்ப பம்பரம் மாதிரி ஆடுது, மாவை ஊத்துனா நடுவுக்கு ஓடுது.

அடுத்த இணைப்புல ஒரு ஓரமா திருத்தம் போடுங்க ஐயா, எடம் இல்லேன்னா அந்த போட்டோவையாவது மாத்திருங்க.

இப்படிக்கு,
ஒரு டிபன் கடைக்காரன்,
ராஜபாளையம் பக்கம்