மரநடு விழாவை ஐப்பசிக்கு மாற்றுங்கள்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், பூங்காத் துறை அலுவலர்களுக்கும், மரநடு விழாக்களை முன்னின்று நடத்தும் தன்னார்வ அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி எங்கள் பகுதியின் இணைப்புச் சாலையில் மரக்கன்றுகள் நடப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அதற்கு முந்தைய ஜூனில் நட்டுக் கருகிப்போன புங்கங்கன்றுகளையும் வேப்பங்கன்றுகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே குழிகளில், அதே துருப்பிடித்த கூண்டுகளுக்குள்தான் இந்தப் புதிய கன்றுகள் வைக்கப்பட்டன. ஆடி முடிவதற்குள் இவற்றிலும் பெரும்பாலானவை காய்ந்துவிட்டன. இன்று அந்தச் சாலையில் நன்கொடையாளர்களின் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன, மரங்கள் இல்லை. இதைப் பார்த்த பின்னும் பேசாமலிருப்பது முறையாகாது என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. ஜூன் மாதத்தில் மரம் நடுவதை நிறுத்தி, ஐப்பசியில் நடுங்கள். நட்ட கன்றுக்கு மூன்று கோடைகள் நீர் ஊற்றுவதற்கான செலவையும் ஆட்களையும் நடும்போதே ஒதுக்கிவிடுங்கள்.

ஜூன் 5 என்பது 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள். ஜூலை முதல் வாரத்தில் வரும் வன மகோத்சவம் என்னும் மரநடு விழா, 1950இல் கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை இறங்கும் நிலங்களுக்கு அது பொருத்தமான காலம். வங்கக் கடலோரத்தில் இருக்கும் நமக்கோ ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரமே ஆகியிருக்கும் ஜூன் 5இல், தார்ச்சாலையின் அனல் இரவிலும் தணியாத நாட்களில், பாலித்தீன் பையிலிருந்து எடுத்த ஒரு முழக் கன்றைப் பிளாட்பாரக் குழியில் நட்டுவிட்டுப் போனால், அது நல்ல மழையைக் காண நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதே கன்றை ஐப்பசி பிறக்கும்போது நட்டால், தை வரை ஈரம் இருக்கும். முதல் கோடை வருவதற்குள் வேர் ஓரளவாவது கீழே இறங்கியிருக்கும். இது எங்கள் ஊர் விவசாயி எவருக்கும் தெரிந்த செய்தி. தங்கள் துறையின் தோட்டப் பணியாளர்களுக்கும் நன்றாகத் தெரியும். விழா நாளைக் குறிக்கும்போது அவர்களை யாரும் கேட்பதில்லை.

அந்த நான்கு மாதங்கள் எங்கள் தெருவில் எப்படிக் கழிந்தன என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். கோடையில் எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகிவிடுகிறது. அதை ஊற்றினால் இளங்கன்றின் இலைகள் ஓரத்திலிருந்து கருகத் தொடங்குகின்றன. எனவே கன்றுகளைக் காப்பாற்ற நினைத்தவர்கள், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வீட்டுக்குப் பிடித்த நல்ல தண்ணீரிலிருந்துதான் அவற்றுக்கும் பங்கு கொடுத்தார்கள். தெருமுனையில் இட்லிக் கடை நடத்தும் அக்கா, அரிசி களைந்த தண்ணீரை வாளியில் சேர்த்துவைத்து, கடைக்கு எதிரே இருந்த இரண்டு கன்றுகளுக்கு ஊற்றிவந்தார். முதுகுவலியோடு குடம் சுமந்த பெரியவர்களையும், இருபது லிட்டர் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் கன்றுகளுக்கு ஊற்றிய குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். வாரம் இரண்டு முறை ஒரு தண்ணீர் லாரியை அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, நடுவது மட்டுமே ஒப்பந்தத்தில் உள்ளது, நீர் ஊற்றுவது இல்லை என்று பதில் வந்தது. அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள், நீரில்லாமல் ஒரு கன்று எப்படி மரமாகும் என்று எண்ணினார்கள் என்பதை எங்களுக்கு யாரேனும் விளக்க வேண்டும்.

தண்ணீரே இல்லை என்று சொல்லவும் வழியில்லை. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து 2019 முதல் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். நம் நகரின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் உப்புத்தன்மையைச் சோதித்து, மரங்களுக்கு ஏற்றதாக இருந்தால் லாரிகளில் கொண்டுவந்து ஊற்றினால், இட்லிக் கடைக்காரரின் வாளியை நம்பி ஒரு சாலையின் மரங்கள் நிற்க வேண்டியிருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிழைத்து நின்ற சில பழைய மரங்களின் அடியைச் சுற்றி, நடைபாதைப் பணியின்போது தண்டை ஒட்டியே சிமெண்ட் பூசிவிட்டார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் 2013இலேயே உத்தரவிட்டிருக்கிறது. அதற்குரிய காரணம் எல்லா ஊர் மரங்களுக்கும் பொதுவானது. மண் மூடப்பட்டால் வேருக்கு நீரும் காற்றும் போவதில்லை. பிறகு மழைநீர் வடிகாலுக்காக ஒரு பக்க வேரை வெட்டுகிறார்கள், மின்கம்பிக்காக மறுபக்கக் கிளையைக் கழிக்கிறார்கள். புயலில் அந்த மரம் சாயும்போது பழி மரத்தின் மீது விழுகிறது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது இயல்வாகையும் செம்மயிற்கொன்றையும் சாலைகளை மறித்து விழுந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகாவது புங்கம், பூவரசு, நாவல், மகிழம், புன்னை என்று இம்மண்ணுக்குரியவற்றைத் தேர்ந்து, வேருக்கு இடம்விட்டு நட்டிருக்க வேண்டாமா?

தமிழ்நாடு பசுமை இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டபோது, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது இலக்கு என்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பை நாங்கள் மனமார வரவேற்றோம். ஆனால் எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்ற கணக்குதான் எங்கள் பகுதி மக்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்லப்படுகிறதே தவிர, சென்ற ஆண்டு நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒருமுறையும் சொல்லப்படவில்லை. தன்னார்வ அமைப்புகளின் நண்பர்களிடமும் இதையே உரிமையோடு கேட்கிறோம். தங்கள் உழைப்பில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயிரம் கன்றுகளை நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவதைவிட, நூறு கன்றுகளோடு மூன்று ஆண்டுகள் எங்கள் தெருக்களில் இருங்கள்.

ஆணையர் அவர்களே, சுற்றுச்சூழல் நாளைக் கொண்டாட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வரும் ஜூன் 5இல் குழி தோண்டுங்கள். மூன்றடிக் குழியில் செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் இட்டு ஆறவிடுங்கள். பழைய மரங்களின் அடியிலுள்ள சிமெண்டை உடைத்தெடுங்கள். சென்ற ஆண்டுகளின் கன்றுகளைத் தெருவாரியாக எண்ணி, அந்தப் பட்டியலை வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். அந்த வேலைகளுக்குக் கைகொடுக்க எங்கள் தெருவின் பெரியவர்களும் பிள்ளைகளும் வருவார்கள். நடுவதை மட்டும் ஐப்பசிக்கு வைத்துக்கொண்டு, மூன்று கோடைகளுக்கான நீரை ஒப்பந்தத்திலேயே எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் தங்களை நேரில் சந்தித்துப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் நன்றியுடையவர்களாவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இணைப்புச் சாலைக் குடியிருப்போர் சார்பில் ஒருவர்