மதியச் சாப்பாட்டுக்கு மார்க் போடும் பயிலரங்குகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொதுச் சுகாதாரச் சட்டங்கள் பற்றி ஊழியர்களுக்கு நடக்கிற ஒரு நாள் பயிலரங்குகளுக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் நானும் போயிருக்கிறேன். நடத்துவதைக் குறை சொல்லவில்லை. பயன் இருந்ததா என்று பார்க்கிற லட்சணம்தான் சகிக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்கப் பையைத் தூக்கிய பிறகு ஒரு தாளை நீட்டுவார்கள். பேச்சாளர் எப்படி, ஹால் எப்படி, சாப்பாடு எப்படி? எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று டிக் அடித்துவிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு கிளம்புவோம். அப்புறம் பயிற்சி பெரும் வெற்றி என்று மேலே அறிக்கை போய்விடும்.

பயிற்சி பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, அதனால் பலன் வந்ததா என்று நான்கு படிகளில் பார்க்கச் சொல்லி அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

இத்தனைக்கும் சட்டப் பயிற்சியில் மூன்றாவது படியைப் பார்ப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, ஏனென்றால் எல்லாமே காகிதத்தில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் உணவு மாதிரி எடுத்தால் நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். குறையைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். இதில் கோட்டை விட்டால், கடைக்காரர் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கடை அதற்குள்தான் இருக்கிறது என்று ஊழியர் அளந்து மகஜரில் (அந்த இடத்திலேயே சாட்சிகளை வைத்து எழுதும் பதிவில்) எழுதினாரா என்பதல்லவா கேள்வி? இன்னொன்று, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டுக்கு உரியது, எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரிக்குத் தனிச் சட்டம் (கொசு மட்டும்தான் இரண்டு பக்கமும் ஒன்று). இரண்டு ஊர் ஊழியர்களும் ஒரே ஹாலில் உட்காரும்போது, யாருக்கு எந்தப் பிரிவு என்று புரிந்துகொண்டு போனார்களா என்பதையும் சோதிக்க வேண்டாமா?

நான் கேட்பது இதுதான். மூன்று மாதம் கழித்து, வந்தவர்கள் எழுதிய நோட்டீஸ், மகஜர் நகல்களில் சிலவற்றை வாங்கி, பயிற்சிக்கு முன்னால் எழுதியவற்றோடு வைத்து, கேஸ் நடத்திப் பழகிய ஒரு அரசு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை நோட்டீஸ், எத்தனை அபராதம் என்ற எண்ணிக்கையை மட்டும் அளக்காதீர்கள். எண்ணிக்கை கேட்டால், பெரிய இடத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்கடைக்காரரிடம் அபராதம் போட்டுக் கணக்கு காட்டிவிடுவார்கள். எந்த இடத்தில் பல பேர் தவறுகிறார்கள் என்பது பேச்சாளருக்கும் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவையும் அதே ஸ்லைடுகள்தான்.

அழைப்புக் கடிதத்திலேயே 'மூன்று மாதத்தில் உங்கள் நோட்டீஸ் நகலைக் கேட்போம்' என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நாற்காலியில் ஆள் இருக்கும்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.