பென்குயினுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லோரும் நலம். மகன் வேறு வேலைக்கு மாறிவிட்டான். முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். இப்போது படிக்க நினைத்ததைப் படிக்கவே நேரம் போதவில்லை.

யாழினி உன்னிடம் கேட்ட கேள்வியை எழுதியிருந்தாய்: "கம்ப்யூட்டருக்கும் பென்குயினுக்கும் என்னப்பா சம்பந்தம்?" நீ 'அது லினக்ஸின் சின்னம்' என்று சொல்லி நிறுத்திவிட்டாயாம். பதில் சரிதான், ஆனால் கதை அதோடு முடியவில்லை. இதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் என்று எனக்குக் கொஞ்ச நாளாகவே ஆசை. நீயே வாசலைத் திறந்துவிட்டாய், அதனால் இந்தக் கடிதம் நீளும். பொறுத்துக்கொள்.

அந்தச் சின்னத்திலிருந்தே தொடங்குகிறேன். 1991-ல், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை, அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியை, எழுதி வெளியிட்டார். 1996-ல் அதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. சுறா, கழுகு என்றெல்லாம் யோசனைகள் வந்தன. லினஸின் மனசில் இருந்தது பென்குயின். ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது கான்பெராவின் விலங்குக் காட்சிசாலையில் ஒரு குட்டையான பென்குயின் தன்னைக் கடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது எப்படிப்பட்ட பென்குயின் தெரியுமா? வயிறு முட்ட மீன் தின்றுவிட்டு, திருப்தியாக உட்கார்ந்திருக்கிற ஒரு குண்டுப் பென்குயின். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலிருந்த லேரி யூவிங் அதை கிம்ப் என்ற மென்பொருளில் வரைந்தார். கிம்ப்பும் லினக்ஸைப் போலவே யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள். லோகோவுக்காக நடந்த போட்டிகள் எதிலும் இந்தப் படம் ஜெயிக்கவில்லை. ஆனாலும் உலகம் முழுக்கப் பரவி நிலைத்தது இந்த 'டக்ஸ்'தான். யாராவது கேட்டால் தன் பெயரையும் கிம்ப்பையும் சொன்னால் போதும், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று யூவிங் விட்டுவிட்டார். மென்பொருளுக்குக் கொடுத்த சுதந்திரத்தைப் படத்துக்கும் கொடுத்தார்கள். அது பரவியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், கல்லூரி நாட்களில் நாம் சிடியிலிருந்து லினக்ஸ் நிறுவியபோது திரையின் இடது மூலையில் ஒரே ஒரு பென்குயின் வந்து நிற்கும். கீழே வரி வரியாக எழுத்துகள் ஓடும். அந்தப் படம் வெறும் அலங்காரம் இல்லை. பிராசசர் எத்தனையோ அத்தனை பென்குயின்களைக் கெர்னல் காட்டும். நம்மிடம் இருந்தது ஒன்று, அதனால் ஒன்று. பிறகு நான் பார்த்த சர்வர்களில் மேல் வரிசை முழுக்கப் பென்குயின்கள் அணிவகுத்து நிற்கும். 2017 நவம்பரிலிருந்து உலகின் மிக வேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. இவ்வளவு வலிமையான ஒன்றுக்குப் பல்லும் நகமும் காட்டுகிற மிருகத்தை வைக்காமல், சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற பறவையை வைத்தார்களே, அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டக்ஸ் பிறப்பதற்கு முன்பே பென்குயின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்குள் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு படித்தவர்களுக்கு 'ட்வீட்டி' என்ற பறவையைத் தெரியும். பறவைகள் பறக்கும், ட்வீட்டி ஒரு பறவை, ஆகவே ட்வீட்டி பறக்கும். இதுவரை சிக்கல் இல்லை. அப்புறம் ஒருவர் வந்து, "ட்வீட்டி ஒரு பென்குயின்" என்கிறார். நாம் உடனே, சரி, அப்படியானால் பறக்காது என்று முடிவை மாற்றிக்கொள்வோம். ஆனால் மரபான தர்க்கத்தில் இதற்கு வழியே கிடையாது. அங்கே ஒரு முடிவு ஒருமுறை நிரூபணமாகிவிட்டால், பிறகு எத்தனை புதுத் தகவல் சேர்த்தாலும் அது அழியாது. கம்ப்யூட்டர் 'பறக்கும்', 'பறக்காது' இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

விதிக்கு விலக்கு எழுதிவிட்டால் போயிற்று என்று தோன்றும். பென்குயினைத் தவிர, நெருப்புக்கோழியைத் தவிர, சிறகொடிந்த பறவையைத் தவிர, இன்னும் முட்டையை விட்டு வெளியே வராததைத் தவிர என்று எழுதிக்கொண்டே போகலாம், பட்டியல் முடியாது. மனிதர்களோ பட்டியல் எதுவும் இல்லாமல், "சாதாரணமாகப் பறவைகள் பறக்கும்" என்று எடுத்துக்கொண்டு, எதிர்த் தகவல் வந்தால் அப்போது திருத்திக்கொள்கிறோம். இந்தச் சாதாரண அறிவை எப்படிக் கணிதமாக எழுதுவது? 1980-ல் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' ஆய்விதழ் இதற்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளான ஜான் மெக்கார்த்தி ஒரு வழி சொன்னார், ரேமண்ட் ரைட்டர் இன்னொரு வழி சொன்னார். இந்தத் துறையை விளக்க வேண்டுமென்றால் இன்றும் பென்குயினைத்தான் கூப்பிடுகிறார்கள். ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. 'பறவை' என்று ஒரு கிளாஸ் (ஒரு வகைக்கான பொது வார்ப்பு) எழுதி அதில் 'பற' என்று ஒரு செயலைக் கொடுத்துவிட்டால், அதிலிருந்து பிறக்கும் 'பென்குயின்' அந்தச் செயலை என்ன செய்யும்? புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். தவறு பென்குயினிடம் இல்லை, நாம் பறவையை வகுத்த விதத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

கூகுள் 2012 ஏப்ரலில் கொண்டுவந்த ஒரு மாற்றத்துக்கும் 'பென்குயின்' என்றுதான் பெயர். காசு கொடுத்தும் குறுக்கு வழியிலும் இணைப்புகளைச் சேர்த்துத் தேடலில் மேலே வந்த தளங்களை அது கீழே இறக்கியது. அதில் பென்குயினுக்கு வேலை ஒன்றும் இல்லை, பெயர் மட்டும்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். படமாக, பெயராக, உதாரணமாகக் கம்ப்யூட்டர் உலகம் பென்குயினிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. நிஜப் பென்குயினுக்கு அது என்ன செய்தது? இதைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு இந்தப் பறவைமேல் உண்மையான பற்று வந்தது.

எந்தப் பறவை எங்கே போகிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேண்டும். பென்குயினின் காலில் வளையம் மாட்டுவது கஷ்டம். அதனால் பல வருஷங்களாக அதன் துடுப்பில் உலோகப் பட்டை கட்டினார்கள். தொலைவிலிருந்தே எண்ணைப் படிக்கலாம் என்பது வசதி. 2011-ல் 'நேச்சர்' இதழில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் பத்து வருஷக் கணக்கை வெளியிட்டார்கள். கிங் பென்குயின்களில் பட்டை கட்டியவை, கட்டாதவற்றைவிட 39 சதவீதம் குறைவாகவே குஞ்சுகளை வளர்த்தன. பிழைத்திருக்கும் விகிதமும் 16 சதவீதம் குறைவு. நீந்தும்போது அந்தப் பட்டையால் தண்ணீரின் எதிர்ப்பு கூடுகிறது, பறவை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள நாம் செய்த காரியமே அதன் வாழ்வைக் குறைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

மாற்று வழியைக் கொடுத்தது மின்னணுவியல். ஒரு கிராமுக்கும் குறைவான எடையுள்ள சிப் ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துவிடலாம். அதில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி பக்கத்தில் வந்தால் மட்டும் தன் எண்ணைச் சொல்லும். ஆனால் ரொம்பப் பக்கத்தில் வர வேண்டும், ஒரு மீட்டருக்கும் குறைவாக. மனிதன் அவ்வளவு நெருங்கினால் பறவையின் இதயம் வேகமாகத் துடிக்கும், இடத்தைவிட்டு நகரும். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இவான் லெ மாஹோவின் குழு சக்கரம் வைத்த ஒரு சின்ன ரோபோ வண்டியை அனுப்பிப் பார்த்தது. மனிதன் போனதைவிட அதற்கு இதயத் துடிப்பு குறைவாகவே ஏறியது, சீக்கிரம் இயல்புக்குத் திரும்பியது. எம்பரர் பென்குயின்கள் இன்னும் கூச்சம் உள்ளவை. அவற்றுக்காக அந்த வண்டியின்மேல் ஒரு பொய்க் குஞ்சைப் பொருத்தினார்கள். நிஜக் குஞ்சுகள் அதையும் சேர்த்துக்கொண்டு குளிருக்கு ஒண்டி நின்றன. பெரிய பறவைகள் சில அதைப் பார்த்துக் குரல் கொடுத்தன. 2014-ல் வந்த செய்தி இது. இன்றைக்கும் நினைத்தால் மனசு இளகுகிறது.

தொடவே வேண்டாம் என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆப்பிரிக்கப் பென்குயின்களின் நெஞ்சில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும்; ஒவ்வொரு பறவைக்கும் அது வேறு மாதிரி. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் கேமரா வைத்து, அந்தப் புள்ளிகளைக்கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் மென்பொருளை பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். பறவை தன்பாட்டுக்குக் கரைக்கும் கடலுக்கும் நடந்துபோனால் போதும்.

அப்புறம் வானத்திலிருந்து பார்ப்பது. எம்பரர் பென்குயின்கள் கடல்மேல் உறைந்த பனியில் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும். செயற்கைக்கோள் படத்தில் தனிப் பறவை தெரியாவிட்டாலும், வெள்ளைப் பனியில் அவற்றின் எச்சம் படிந்த பழுப்புக் கறை தெரியும். அதை வைத்துப் பிரிட்டிஷ் அன்டார்க்டிக் சர்வே புதுக் கூட்டங்களைக் கண்டுபிடித்தது. கூர்மையான படங்கள் கிடைத்ததும் கண்டம் முழுவதும் எண்ணிப் பார்த்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 5,95,000 பறவைகள். அதுவரை நினைத்திருந்ததைப்போல இரண்டு மடங்கு. 2024 ஜனவரிக் கணக்குப்படி தெரிந்த கூட்டங்கள் 66. இப்படித்தான் அன்டார்க்டிகாவின் டேஞ்சர் தீவுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் கறையைத் தேடும் ஒரு அல்காரிதம் அங்கே பெரிய அளவில் அடேலி பென்குயின்கள் இருப்பதாகக் காட்டியது. 2015 டிசம்பரில் நேரில் போனார்கள், ட்ரோனில் படமெடுத்தார்கள், நியூரல் நெட்வொர்க் என்ற, படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருளை வைத்தும் கையாலும் எண்ணினார்கள். 7,51,527 ஜோடிகள்!

செயற்கைக்கோள் நல்ல செய்தியை மட்டும் கொண்டுவருவதில்லை. 2022-ன் கடைசியில் பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் பனி சீக்கிரமே உடைந்துபோனது. குஞ்சுகளுக்குத் தண்ணீர் புகாத இறகு முளைக்கும் முன்பே காலடியில் தரை இல்லாமல் போயிற்று. அங்கிருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை என்கிற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் படங்கள் இல்லையென்றால் இது நடந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. தெரிந்து என்ன பயன் என்று நீ கேட்கலாம். தெரியாமல் எதையும் காப்பாற்ற முடியாது என்பதுதான் என் எண்ணம். சரி, தெரிந்துவிட்டால் மட்டும் காப்பாற்றிவிடுவோமா என்று திருப்பிக் கேட்டால், அதற்கு நாம் எல்லோரும்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதில் சாதாரண ஆட்களுக்கும் இடம் உண்டு. 2014-ல் தொடங்கிய 'பென்குயின் வாட்ச்' என்ற திட்டத்தில், தானியங்கிக் கேமராக்கள் எடுத்த படங்களில் பெரிய பறவை, குஞ்சு, முட்டை என்று ஒவ்வொன்றாகக் குறியிட வேண்டும். நானும் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறேன். பாறைக்கும் பென்குயினுக்கும் வித்தியாசம் தெரியாமல் கண் திணறும், ஆனால் எழுந்திருக்க மனசு வராது. தன்னார்வலர்கள் இப்படி வைத்த புள்ளிகளைக்கொண்டே, பறவைகளைத் தானாக எண்ணும் நிரலுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சி கொடுத்தார்கள்.

இப்போது யாழினிக்கு. அவள் டேட்டா சயின்ஸ் படிக்கத் தொடங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். 'பால்மர் பென்குயின்ஸ்' என்று ஒரு தரவுத்தொகுப்பு இருக்கிறது, அவள் இன்னும் தொட்டிருக்காவிட்டால் சொல். அன்டார்க்டிகாவின் பால்மர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை கிறிஸ்டன் கோர்மனும் உடன் இருந்தவர்களும் அளந்த 344 பென்குயின்களின் கணக்கு அது. அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்று மூன்று இனம்; அலகின் நீளம், அலகின் உயரம், துடுப்பின் நீளம், எடை. 2020-ல் இதைக் கற்பிப்பதற்கென்றே தொகுத்து வெளியிட்டார்கள். அதற்கு முன்பு எல்லோரும் ரொனால்ட் ஃபிஷர் 1936-ல் வெளியிட்ட ஐரிஸ் பூக்களின் கணக்கில்தான் பழகினார்கள். அது வெளிவந்த இதழின் பெயரே 'அன்னல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்'. மனிதர்களை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரித்த கொள்கைக்கான இதழ். அதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பென்குயினோடு பாடம் தொடங்குவது எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி தருகிறது.

அவளுக்கு ஒரு பயிற்சி கொடு. எல்லாப் பறவைகளையும் சேர்த்து வைத்து, அலகின் நீளத்தையும் உயரத்தையும் வரைபடம் போடச் சொல். அலகு நீளமாக ஆக உயரம் குறைகிறது என்று கோடு கீழ்நோக்கிப் போகும். பிறகு இனம் இனமாகப் பிரித்துப் போடச் சொல். மூன்று கோடுகளும் மேல்நோக்கி ஏறும்! ஜென்டூவுக்கு அலகு நீளம், ஆனால் உயரம் குறைவு. அது அடேலியோடு கலந்ததால்தான் முதல் கோடு ஏமாற்றியது. இதை மட்டும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதே, அவளே கண்டுபிடிக்கட்டும். ஏன் அப்படி ஆகிறது என்று அவள் வார்த்தையிலேயே எனக்கு எழுதச் சொல். நான் பதில் போடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல், என் பேச்சைக் கேட்பார்கள். உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை, அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
பாலு